நீங்க வண்டியிலேயே இருங்கம்மா!

முதல் குறிப்பு: தண்ணீர் குடிக்காதீர்கள். காலை ஏழு மணிக்குச் சுற்றுலாப் பேருந்து கிளம்புகிறது என்றால் முந்தின ராத்திரியே சொம்பைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். காபி கூடாது, மோர் கூடாது, இட்லிக்குச் சாம்பார்கூட வேண்டாம், கெட்டிச் சட்னி போதும். மாத்திரை விழுங்க ஒரு மடக்கு. சித்திரை மாதக் கத்திரி வெயிலாக இருந்தாலும் இதுதான் விதி.

ஏன் என்கிறீர்களா? பஸ் நிற்கிற இடங்களில் கழிப்பறை உண்டு. அதற்கு மூன்று படி உண்டு. படியைத் தாண்டினால் கதவு. கதவின் அகலத்தைவிட என் சக்கர நாற்காலியின் அகலம் ஒரு சாண் அதிகம். சில இடங்களில் நீலப் பலகை வைத்த தனிக் கழிப்பறையும் இருக்கிறது. பலகைக்குக் கீழே பூட்டு தொங்கும். சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருப்பார். ஒருமுறை சண்டை போட்டுத் திறக்க வைத்தேன். உள்ளே இரண்டு பிளீச்சிங் பவுடர் மூட்டை, ஈரத் துடைப்பங்கள், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. சுவரில் கைப்பிடிக் கம்பி மட்டும் பளபளவென்று இருந்தது, யாரும் பிடித்ததே இல்லை என்பதால். அன்று சாயங்காலம் வீடு வந்து சேரும்வரை அடக்கிக்கொண்டேன். அடுத்த வாரம் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். டாக்டர் திட்டினார்: “தண்ணி நிறைய குடிக்கச் சொன்னேனே, ஏன் குடிக்கிறதில்லை?”

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. போலியோ ஒழிந்த நாடு என்று 2014-இல் இந்தியா சான்றிதழ் வாங்கிவிட்டது, சந்தோஷம். அதற்கு முன்னால் வந்துபோன போலியோவோடு மிச்ச ஆயுளை ஓட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அந்தச் சான்றிதழால் ஒரு படியும் குறையவில்லை. சின்ன வயதில் காலிப்பரும் கட்டையுமாக நடந்தேன். தோள்மூட்டு தேய்ந்த பிறகு சக்கர நாற்காலி. சம்பாதிக்கிறேன், வரி கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன். எனக்கு ஊர் சுற்றிப் பார்க்கவும் ஆசை உண்டு. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும்தான் பலருக்குச் சிரிப்பு வருகிறது.

“சுற்றுலாப் பேருந்தில் போகிற மாற்றுத்திறனாளிகளுக்கு நாலு டிப்ஸ் சொல்லுங்களேன்” என்று அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். சொல்கிறேன். வயிறு எரியச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் போன் போடுங்கள். ஆனால் “வீல்சேர் ஏறுமா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கு எல்லாரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கிறது: “அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க, நம்ம பசங்க தூக்கிடுவாங்க!” எவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறார்கள் தெரியுமா? என்னமோ எனக்கு வரம் தருவதுபோல. என் உடம்பை யாரோ இரண்டு பசங்க தூக்குவது பிரச்சினையா இல்லையா என்பதை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: தரையிலிருந்து முதல் படி எவ்வளவு உயரம்? மொத்தம் எத்தனை படி? கதவு எத்தனை அடி அகலம்? கதவுக்குப் பக்கத்திலேயே சீட் உண்டா, இல்லை டிரைவர் கேபினைச் சுற்றிப் போக வேண்டுமா? நாற்காலியை எங்கே வைப்பீர்கள்? ஒவ்வொரு இடத்திலும் அதை இறக்கித் தருவீர்களா? ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் நிற்பீர்கள்? இத்தனையும் கேட்டால் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. பிறகு, “சாதாரண பஸ்தாங்க மேடம்” என்பார்கள். அந்தச் சாதாரணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

உல்லாசப் பயணம் என்று பெரிய எழுத்தில் எழுதிய அந்தச் சாதாரண பஸ்ஸுக்குப் பக்கத்தில் என் நாற்காலியை நிறுத்தினால், பஸ்ஸின் தளம் என் தோளுக்கு வருகிறது. முதல் படியே முழங்கால் உயரம். என்னை விடுங்கள், மூட்டு வலிக்காரப் பாட்டி ஒருவர் அந்தப் படியில் ஏற இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, “முருகா” என்று மூச்சை இழுத்து, பேத்தி பின்னாலிருந்து தள்ள, அப்படித்தான் ஏறினார். இறங்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார். அவர் பெயர் எந்த ஊனமுற்றோர் கணக்கிலும் இல்லை.

என் முறை வந்தது. கிளீனர் பையன் பின்னாலிருந்து அக்குளில் கைவிட்டான். டிரைவர் முழங்காலுக்குக் கீழே பிடித்தார். “கையைக் கழுத்துல போட்டுக்கோங்கம்மா.” அந்தக் கழுத்தின் வியர்வை என் கன்னத்தில். துப்பட்டா எங்கோ மாட்டி இழுத்தது. “ஏய், அந்தப் பக்கம் சாய்க்காத!” கதவுத் தூணில் என் கணுக்கால் இடித்தது, எனக்குக் காலில் பலம்தான் இல்லை, வலி நன்றாகவே தெரியும். ஏறி உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்பி செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். மனிதநேயம் என்று போடுவான் போலிருக்கிறது. ஒரு அம்மா, “பாவம், இந்த நிலைமையில எதுக்கு இப்படி அலையணும்” என்றார், என் காதில் விழட்டும் என்றே. தூக்கியவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கூலிக்கு உழைக்கிறவர்கள், அவர்களுக்கும் இடுப்பு உண்டு. அந்த வேலையை ஒரு சாய்வுப் பலகை செய்திருக்க வேண்டும். பலகைக்குச் செலவு செய்ய மனமில்லாத முதலாளி அவர்கள் இடுப்பையும் என் மானத்தையும் செலவு செய்கிறார்.

இதற்கும் குறிப்பு உண்டு, எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள் புடவை கட்டிப் போகாதீர்கள். சுடிதார் போட்டு, துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள். தூக்க வருகிறவர் கை வைக்கும் முன்னால் நீங்கள் பேச வேண்டும்: எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கவே கூடாது, யார் “மூணு” சொன்னதும் தூக்க வேண்டும். நாற்காலியோடு தூக்குகிறேன் என்றால் கைவைக்கும் கட்டையைப் பிடிக்க விடாதீர்கள். அது கழற்றி மாட்டுகிற வகை. பாதி உயரத்தில் அவர் கையோடு வந்துவிடும், நீங்கள் கீழே வருவீர்கள். இரும்புச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். தூக்கும் முன் பிரேக் போடுங்கள். மடித்து பஸ்ஸின் டிக்கியில் போடுவார்கள் என்றால் குஷனையும் கால்தட்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் பெட்டி உருண்டு என் கால்தட்டு ஒன்று வளைந்தே போனது. பேட்டரி நாற்காலிக்காரர்கள் இந்தப் பத்தியைப் படிக்கவே வேண்டாம். அத்தனை கனத்தை யாரும் தூக்கப் போவதில்லை, உங்களுக்கு அந்த பஸ் கிடையாது, அவ்வளவுதான்.

இத்தனையும் தாண்டி ஏறி உட்கார்ந்தாயிற்று. இனிமேல்தான் சுற்றுலா.

கைடு மைக்கைப் பிடித்து அழகாகப் பேசினார். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது, உள்ளே சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன, உலகத்திலிருந்து எல்லாரும் தேடி வந்து பார்க்கிறார்கள், தவறவிடாதீர்கள். பஸ் நின்றது. எல்லாரும் எழுந்தார்கள். நான் டிக்கிப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் என் சீட்டருகே குனிந்து, மைக் இல்லாத குரலில் சொன்னார்: “நீங்க வண்டியிலேயே இருங்கம்மா. இருபது நிமிஷம்தான். உள்ள பெருசா ஒண்ணும் இல்ல.”

மூன்று நிமிடத்துக்கு முன்னால் உலகமே தேடி வந்தது. நான் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லாமல் போய்விட்டது!

என்ஜினை அணைத்ததும் ஏசி நின்றது. கண்ணாடி திறக்காது. முன்சீட்டின் முதுகில் யாரோ பிளேடால் கீறிய இதயம், அதற்குள் இரண்டு எழுத்து. அதைத்தான் பார்த்தேன், இருபது நிமிடம் என்று சொன்ன நாற்பது நிமிடமும். கோட்டையிலும் அப்படித்தான். ஆங்கிலேயர் இந்தியாவில் கட்டிய முதல் கோட்டையின் மதில், பஸ் கண்ணாடியின் பச்சைச் சாயம் வழியாகத் தெரிந்தது. மெரினாவில் பஸ் காமராசர் சாலை ஓரம் நின்றது. சுண்டல் வண்டியின் பின்புறம், பலூன் சுடும் கடையின் பின்புறம், அதற்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல் ஒரு கோடு. டிக்கெட் எல்லாருக்கும் ஒரே விலை. இறங்கிப் பார்க்காதவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்த பக்கத்து சீட்டுக்காரர் அன்பாகத் தன் செல்போனை நீட்டி, நடராஜர் படம் காட்டினார். நன்றி சொன்னேன். வேறு என்ன செய்வது?

அதே மெரினாவில் நான் அலையைத் தொட்டிருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 27 அன்று மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை ஒன்றைத் திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், ரூ. 1.14 கோடி செலவு. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. ஊரெல்லாம் கேலி. சரி செய்தார்கள். நான் போனேன். மணலில் ஒரு அடிகூட உருளாத சக்கரம் மரத்தின் மேல் கடகடவென்று ஓடி, கடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. காற்றில் உப்பு. என் தலைமுடியை யாரும் பார்க்கவில்லை, என் காலையும் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் அறுபது வருடமாக இதே ஊரில் இருக்கிறாராம், அலையை இப்போதுதான் இத்தனை கிட்டத்தில் பார்க்கிறாராம். அழவில்லை, சத்தம் போட்டுச் சிரித்தார்.

ஆக, செய்தால் முடிகிறது. மணலிலேயே பாதை போட முடிகிற ஊரில் ஒரு பஸ்ஸின் வாசலில் பலகை போட முடியாதா?

சட்டம் இல்லையோ என்று நினைக்காதீர்கள். சட்டத்துக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2007-இல் இந்தியா ஏற்றது. அதன் 30-ஆவது பிரிவு பொழுதுபோக்கு, பண்பாடு, சுற்றுலா பற்றியே பேசுகிறது. அதாவது எனக்கு ஊர் சுற்றும் உரிமை உண்டு என்று உலகமே கையெழுத்துப் போட்டிருக்கிறது. 2015 டிசம்பர் 3 அன்று மத்திய அரசு ‘சுகம்ய பாரத்’ திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ், அரசுப் பேருந்துகளில் நூற்றுக்கு 25-ஐயாவது முழுசாக எங்களுக்கு ஏற்றதாக்குவோம் என்றது. நூற்றுக்கு 25. அதாவது நாலு பஸ்ஸில் ஒன்று. அதையே பெரிய இலக்காக வைத்தார்கள். 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதன் 41-ஆவது பிரிவு எல்லாப் போக்குவரத்தும் எங்களுக்கு எட்ட வேண்டும் என்கிறது. பழைய வண்டிகளையும் மாற்ற வேண்டும் என்கிறது. கூடவே, தொழில்நுட்பப்படி முடிந்தால், பாதுகாப்பாக இருந்தால், பொருளாதாரத்துக்குக் கட்டுப்படியானால், பெரிய மாற்றம் தேவைப்படாவிட்டால் என்று வரிசையாக ‘ஆல்’ போட்டு வைத்திருக்கிறது. இந்த ‘ஆல்’ மரத்து நிழலில்தான் அத்தனை பேரும் படுத்துத் தூங்குகிறார்கள். 46-ஆவது பிரிவு தனியாரையும் விடவில்லை. சேவை தருகிறவர் அரசோ தனியாரோ, விதிகள் வந்த இரண்டு வருடத்துக்குள் அவற்றின்படி நடக்க வேண்டும். விதிகள் 2017-இல் வந்தன. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது 2005-இல். 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது, கெடு வைத்தது. கெடுவெல்லாம் போனது. 2024 நவம்பர் 8 அன்று அதே வழக்கில் நீதிமன்றம் மறுபடி சொன்னது: விதிகளின் 15(1) செல்லாது, விருப்பம் இருந்தால் செய்யலாம் என்பதுபோல எழுதி வைத்தால் அது உரிமை ஆகாது, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் எழுதுங்கள். ஒரு மனிதர் படியேற வழி கேட்டு நீதிமன்றப் படியை ஏறி இறங்கியே கிட்டத்தட்ட இருபது வருடம் போயிற்று.

நம் சென்னையில் நடந்தது இன்னும் வேடிக்கை. மாநகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டரா, 650-ஆ, 900-ஆ என்று உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. சாலை குறுகல், மழைநீர் தேங்கும், வேகத்தடை இடிக்கும், விலை அதிகம் என்று காரணங்கள் வரிசையாக வந்தன. அந்தச் சமயத்திலேயேதான், 2021-இல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் கூட வருகிற துணையும் கட்டணமில்லாமல் போகலாம் என்று அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு, பல பேருக்கு உதவியது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னைப் பாருங்கள். டிக்கெட் இலவசம், ஏற வழியில்லை. பஸ் நிறுத்தத்தில் இலவசமாக நின்று, இலவசமாக வேடிக்கை பார்த்துவிட்டு, ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்து வீட்டுக்குப் போவேன்.

ஒருவழியாக 2024 ஆகஸ்டில் 58 தாழ்தளப் பேருந்துகள் வந்தன. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. முதல்முறை தாழ்தளப் பேருந்து என் முன்னால் நின்றபோது நான் வழக்கம்போல ஓரமாக ஒதுங்கிவிட்டேன். கண்டக்டர் இறங்கினார். பஸ்ஸின் தளத்தோடு பதிந்திருந்த தகட்டைக் கொக்கியால் இழுத்து வெளியே மடித்துப் போட்டார். “வாங்கக்கா” என்றார். உருண்டு உள்ளே போனேன். பெல்ட் மாட்டினார். விசில் அடித்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா, தெரியவில்லை. யாரும் என்னைத் தொடவில்லை, யாரும் “பாவம்” சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பெண் எரிச்சலாக, “கொஞ்சம் வீல்சேரை நகர்த்துங்க, கால்ல ஏறுது” என்றார். எத்தனை சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கூட்டத்தில் எரிச்சல்படுகிற ஒரு சாதாரணப் பயணியாக அன்றைக்குத்தான் ஆனேன்.

அதனால்தான் சுற்றுலாப் பேருந்தை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக, ஆபீசுக்குப் போக, ஊனச் சான்றிதழ் புதுப்பிக்கப் போக என்றால் எங்களுக்காகக் கொஞ்சம் இரக்கப்படுகிறார்கள். சும்மா ஊர் சுற்ற என்றால், உனக்கு எதுக்கு அது என்கிறார்கள். நடக்க முடியாதவளுக்கு மருந்து வேண்டும், பென்ஷன் வேண்டும், பிரார்த்தனை வேண்டும்; சாந்தோம் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதும் மாமல்லபுரத்தில் சுக்குக் காபி குடிப்பதும் வேண்டியதில்லை என்று யார் முடிவு செய்தது? “யாரும் வர்றதே இல்லையே மேடம், வந்தா வசதி பண்ண மாட்டோமா?” என்று ஒரு முதலாளி கேட்டார். ஏற முடியாத பஸ்ஸுக்கு யார் வருவார்கள் ஐயா? கதவைச் சாத்திவிட்டு விருந்தாளியே வருவதில்லை என்று கணக்கு எழுதுகிறீர்களே!

வெளிநாட்டுக் கதையும் கொஞ்சம் சொல்கிறேன். அங்கே தேனும் பாலும் ஓடவில்லை. லண்டனில் பழைய வண்டி ஓடிய ஓரிரு தடங்கள் நீங்கலாக நகரப் பேருந்துகள் எல்லாம் 2005 கடைசியிலேயே சக்கர நாற்காலி ஏறுகிறவையாக மாறிவிட்டன. சிங்கப்பூரிலும் இப்போது அரசுப் பேருந்து எதிலும் ஏறலாம். பிரிட்டன் விதிப்படி பேருந்துக்குள் நாற்காலிக்கு 1300 மில்லிமீட்டர் நீளமும் 750 மில்லிமீட்டர் அகலமும் இடம் விட வேண்டும். மேல்தளம் திறந்த சுற்றுலா பஸ்களில் கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலிக்கு இடம் இருக்கும். மாடிக்குப் போகும் வழி படிக்கட்டுதான். அதாவது காற்றும் வெயிலும் போட்டோவும் மேலே, நாங்கள் கீழே. அந்த ஒரு இடமும் லேசில் கிடைக்கவில்லை. தள்ளுவண்டியில் குழந்தை தூங்குகிறது, நகர மாட்டேன் என்று ஒரு தாய் சொன்னதால் 2012-இல் பேருந்தில் ஏற முடியாமல் போன டக் பாலி என்பவர், வழக்கை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். ஓட்டுநர் வேண்டுகோள் விடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது என்று 2017-இல் தீர்ப்பு வாங்கினார். அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் 1978 ஜூலை 5 அன்று 19 மாற்றுத்திறனாளிகள் நாற்சந்தியில் பேருந்துகளை மறித்தார்கள். சிலர் நாற்காலியை விட்டு இறங்கித் தார்ச்சாலையில் படுத்தார்கள். ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தார்கள். அதன் பிறகுதான் அந்த ஊர் பஸ்ஸுக்கு லிஃப்ட் வந்தது. எங்கேயும் யாரும் தானாகக் கொடுத்ததில்லை.

தொல்லை சக்கர நாற்காலிக்கு மட்டும் இல்லை. சுற்றுலா பஸ்ஸில் ஒருமுறை கண் தெரியாத என் தோழி ஒருத்தி என்னோடு வந்தாள். அவள் தாராளமாக ஏறிவிடுவாள். அவள் தொல்லை வேறு. “வலது பக்கம் பாருங்க, எவ்வளவு அழகு!” என்று கைடு சொல்வார். என்ன அழகு, எந்த நிறம், எவ்வளவு உயரம்? சொல்ல மாட்டார். நான்தான் அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். காது கேளாதவர் வந்தால் அந்த மைக்கே வீண். நாலு பக்கத்தில் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தால் தீரும் விஷயம். அதுவும் கிடையாது.

இனி பஸ் நடத்துகிறவர்களுக்கு என் டிப்ஸ். எங்களுக்கே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஓடுகிற வண்டியில் ஒரே ஒரு வண்டியையாவது தாழ்தளமாக வாங்குங்கள். வாங்க முடியாதவரை நடுக்கதவில் லிஃப்ட் வையுங்கள், இரண்டு சீட்டைக் கழற்றி இடம் விடுங்கள், நாற்காலியைக் கட்டப் பட்டை போடுங்கள். எந்த நாளில் அந்த வண்டி வரும் என்று விளம்பரத்திலேயே சொல்லுங்கள். “ஊனமுற்றோருக்கு ஏற்றது” என்று பொத்தாம் பொதுவாகப் போடாதீர்கள். படி எத்தனை, கதவு எத்தனை அடி என்று போடுங்கள், நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். கேட்காமல் தொடாதீர்கள். என்னிடம் கேட்க வேண்டியதை என் கூட வந்தவரிடம் கேட்காதீர்கள். நிற்கும் இடத்தில் பத்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள், அந்தப் பாட்டியும் வாழ்த்துவார்.

இதெல்லாம் நடக்கிறவரை என் மாதிரி ஆட்கள் என்ன செய்வது? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். சுற்றுலா பஸ்ஸை விட்டுவிட்டேன். மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, தாழ்தள பஸ் இருக்கிறது. இரண்டையும் வைத்து நானே சுற்றுகிறேன். ஆபீஸ் நேரக் கூட்டம் வடிந்த பிறகு கிளம்புங்கள். நிறுத்தத்தில் கண்டக்டர் கண்ணில் படுகிற இடத்தில் நின்று முன்கூட்டியே கை காட்டுங்கள். பஸ்ஸை நடைபாதையை ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள். நடுரோட்டில் நிறுத்தினால் தகடு தரையில் சாய்ந்து செங்குத்தாகிவிடும். அப்போது பின்னால் ஒருவர் தள்ளாமல் ஏறாதீர்கள், நாற்காலி மல்லாக்கச் சாயும். ஏறும்போது முன்பார்த்து, இறங்கும்போது முதுகுப்பக்கமாக. உள்ளே போனதும் பிரேக், பெல்ட். இறங்கும் இடத்தை ஏறும்போதே சொல்லிவிடுங்கள். போகிற இடத்தில் கழிப்பறை உண்டா, சாவி யாரிடம் என்று முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள், எரிச்சல்படுவார்கள், படட்டும். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போங்கள். நான் இப்போது குடிக்கிறேன்; காய்ச்சலுக்குப் பயந்து.

ஏற்ற மறுத்தால் சும்மா திரும்பி வராதீர்கள். வண்டி எண், தேதி, நேரம், டிக்கெட், படிக்கட்டின் போட்டோ எல்லாம் எடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். சட்டத்தின் 89-ஆவது பிரிவு முதல் மீறலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அடுத்தடுத்த மீறலுக்கு ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை. யாரும் எழுதாததால்தான் அந்தப் பிரிவு அந்தக் கைப்பிடிக் கம்பிபோலப் பளபளப்பாகக் கிடக்கிறது.

கடைசியாக, நடக்கிறவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளிச் சுற்றுலாவுக்கோ, ஆபீஸ் பிக்னிக்குக்கோ, குடும்பத்தோடு ஊர் பார்க்கவோ அடுத்த முறை பஸ் பிடிக்கப் போன் போடுவீர்கள் அல்லவா? வாடகை எவ்வளவு, ஏசி உண்டா, பாட்டுப் போடுவீர்களா என்று கேட்கிற மூச்சிலேயே, வீல்சேர் ஏற வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டில் வீல்சேர் இல்லாவிட்டாலும் கேளுங்கள். நாங்கள் கேட்டால் அது சலுகை கேட்பதாகப் படுகிறது. நாற்பது டிக்கெட் எடுக்கிற நீங்கள் கேட்டால் அது வியாபாரம். இல்லை என்று சொன்னால் வேறு வண்டி பாருங்கள். ஏன் வேறு வண்டி பார்க்கிறீர்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிட்டு போனை வையுங்கள்.